விபத்துக்கு முன்பே இருக்கும் சங்கம்: பட்டாசு மண்டலத்தில் அமைப்பு உத்தி

விருதுநகர் மாவட்டத்தில் ஒரு பட்டாசு ஆலை வெடித்தால் அடுத்தடுத்து என்ன நடக்கும் என்பது அங்கு வாழும் எவருக்கும் மனப்பாடம். அன்று மாலைக்குள் நிவாரணத் தொகை அறிவிக்கப்படும். போர்மேன் கைது செய்யப்படுவார். உரிமையாளரும் உள்குத்தகைதாரரும் தேடப்படுவர். மறுநாள் பிணவறை வாசலில் உறவினர்கள் உடலை வாங்க மறுத்து அமர்வர். வருவாய்த்துறை அதிகாரிகள் வருவர். கட்சிகளும் இயக்கங்களும் வரும். ஓர் உடன்பாடு எட்டப்பட்டு அடக்கம் நடக்கும். இரண்டு வாரம் கழித்து ஒரு கண்டன ஆர்ப்பாட்டம். அதன் பிறகு அந்தக் காலனியைத் தேடி நாள்தோறும் வருவது, ஆள் ஏற்றிச் செல்லும் ஆலைப் பேருந்து மட்டுமே. 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி, 2021 பிப்ரவரி 12 அச்சங்குளம், 2024-இல் இராமுத்தேவன்பட்டியும் செங்கமலப்பட்டியும், 2025-இல் சின்னக்காமன்பட்டி. ஊர் மாறுகிறது, நிகழ்வுகளின் வரிசை மாறுவதில்லை.

அந்த வரிசையில் நம் இயக்கங்களுக்கும் ஒரு நிலையான இடம் இருக்கிறது. நாம் விரைவாகச் செல்கிறோம், உறுதியாக நிற்கிறோம். நாம் நின்றிராவிட்டால் பல குடும்பங்களுக்கு அறிவிக்கப்பட்ட தொகைகூடக் கிடைத்திருக்காது. இறந்தோர் பட்டியல்களில் தலித் குடியிருப்புகளின் பெயர்கள் திரும்பத் திரும்ப வருவதை வெளியுலகுக்குச் சொன்னதும் நாம்தான். ஆயினும் இந்த உழைப்பு முழுவதும் வெடிப்புக்குப் பின் தொடங்கி, நிவாரணத்துடன் முடிகிறது. அடுத்த வெடிப்பு நிகழும் ஆலையில் நமக்கு ஓர் உறுப்பினர்கூட இருப்பதில்லை. நல்ல அமைப்பு உத்தி எது என்ற கேள்வியை இந்த மண்டலத்தில் வைத்துக் கேட்டால், அதன் சுருக்கமான வடிவம் இதுவே: விபத்துக்குப் பின் கூடும் கூட்டத்தை, விபத்துக்கு முன்பே இருக்கும் சங்கமாக மாற்றுவது எப்படி?

உத்தியும் வேலைத்திட்டமும்

உத்தி என்ற சொல்லை நாம் தளர்வாகவே பயன்படுத்தி வருகிறோம். மாநாடு, நடைபயணம், முற்றுகை, பொதுநல வழக்கு என ஆண்டுக்கான பட்டியல் ஒன்றைத் தயாரித்து அதற்கு உத்தி என்று பெயரிடுகிறோம். அது வேலைத்திட்டம். சாதியை ஒழிப்போம், உழைப்புச் சுரண்டலுக்கு முடிவு கட்டுவோம் என்பவை இலக்குகள். இவ்விரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டியது உத்தி. நம்மிடம் உள்ள குறைந்த ஆளையும் பணத்தையும் நேரத்தையும் எந்தப் புள்ளியில் குவித்தால் எதிர்த்தரப்பு தன் நடத்தையை மாற்றிக்கொள்ள நேரிடும் என்பது குறித்த கணிப்பு அது. கணிப்பு என்பதால் அது பொய்த்துப்போகவும் கூடும். பொய்த்தால் நமக்குத் தெரிய வேண்டும். எது நடந்தாலும் சரியாகவே தோன்றும் அறிக்கையில் உத்தி இல்லை என்று கொள்ளலாம்.

ஓர் உத்தியைச் சோதிக்க நான்கு கேள்விகள் போதும். 'நாம்' என்று சொல்லும்போது அதற்குள் யார் யார் இருக்கிறார்கள்? எதிர்த்தரப்பு எந்த இடத்தில், எந்தக் காலத்தில் நம்மைச் சார்ந்திருக்கிறது? போராட்டத்தின் விலையை யார் கொடுக்கப்போகிறார்கள்? வென்ற பிறகு, வென்றது யார் கையில் தங்கும்? இந்த நான்குக்கும் விருதுநகர் மண்ணின் வரலாறே விடைகளை வைத்திருக்கிறது.

ஊரின் பழைய பாடம்

இன்று பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழில்களில் முதன்மை பெற்றுள்ள நாடார் சமூகம், 19-ஆம் நூற்றாண்டில் கோயில் நுழைவு மறுக்கப்பட்ட சமூகமாக இருந்தது. 1897-இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் சிலர் நுழைந்தனர். இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி வழக்குத் தொடுத்தார். 1899 ஜூன் 6 அன்று சிவகாசி நகரமே பெருங்கூட்டத்தால் தாக்கிச் சூறையாடப்பட்டது. வழக்கு கீழமை நீதிமன்றத்திலும் சென்னை உயர் நீதிமன்றத்திலும் தோற்று, 1908-இல் லண்டன் பிரிவி கவுன்சிலிலும் தோற்றது.

வழக்கில் அடைந்த இந்தத் தோல்வி அந்தச் சமூகத்தின் முன்னேற்றத்தைத் தடுத்து நிறுத்தவில்லை. சிவகாசி, விருதுபட்டி, அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, திருமங்கலம் ஆகிய ஊர்களில் உறவின்முறை அமைப்புகள் அதற்கு முன்பே வேரூன்றியிருந்தன. வணிகர் ஒவ்வொருவரும் தம் வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை 'மகமை'யாகப் பொது நிதிக்கு அளித்தனர். வண்டிகளும் சரக்கும் பாதுகாப்பாகத் தங்குவதற்குப் பேட்டைகள் இருந்தன. அந்த நிதியிலிருந்து பள்ளிகள் எழுந்தன. விருதுநகரின் சத்திரிய வித்யாசாலையில்தான் காமராசர் படித்தார். 1910-இல் நாடார் மகாஜன சங்கமும், 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கியும் தொடங்கப்பட்டன. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பி, சிவகாசியில் ஆலை தொடங்கினர்.

இதிலிருந்து எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது என்பதில் கவனம் தேவை. வணிகச் சரக்கு இருந்தவர்களால் மகமை கொடுக்க முடிந்தது. நிலமும் சரக்கும் இல்லாத காலனிக்கு அந்த வழி அப்படியே பொருந்தாது. ஆனால் நிதி சிறிதாகவும், தவறாததாகவும், தம்முடையதாகவும் இருந்தது என்பது கவனிக்கத்தக்கது. கலவர ஆண்டில் பெரும் வசூல் செய்து மறு ஆண்டு மறந்துவிடும் பழக்கம் அங்கு இல்லை. அமைதியான நாளில் பள்ளிக்கும் பேட்டைக்கும் பயன்பட்ட அதே நிதி, நெருக்கடி வந்த நாளில் வழக்குக்கும் பாதுகாப்புக்கும் பயன்பட்டது. அன்றாடத் தேவையில் ஊன்றிய அமைப்பால் ஒரு தோல்வியைத் தாங்க முடிந்தது.

நம் தெருக்களின் நிலை என்ன? வாரந்தோறும் குறித்த நாளில், குறித்த நேரத்தில், பெண்களைக் கூட்டி உட்காரவைத்துப் பெயர் வாசித்துப் பணம் வசூலிக்கும் அமைப்பு ஒன்று பெரும்பாலான காலனிகளில் ஏற்கெனவே இயங்குகிறது. அது நுண்கடன் நிறுவனம். ஒழுங்காகக் கூடவும் தவறாமல் பணம் கட்டவும் நம் மக்களுக்கு வராது என்று இனி எவரும் சொல்ல முடியாது. அந்த ஒழுங்கு நமக்காக இன்னும் திரட்டப்படவில்லை என்பதே உண்மை.

விட வேண்டியதும் உண்டு. அந்த எழுச்சி ஒரு சாதியின் எல்லைக்குள் நின்றது. அதன் பயன் பட்டாசுக் கொட்டகையில் மருந்து செலுத்தும் தொழிலாளியின் தெருவரை வரவில்லை. 1908-இல் ஒரு சமூகம் தனியாக வழக்காடித் தோற்ற உரிமை, 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தலித்துகள் ஐவரும் நாடார் ஒருவரும் வைத்தியநாத ஐயர் தலைமையில் சேர்ந்து நுழைந்தபோதுதான் சட்டமாகும் பாதையில் சென்றது. 'நாம்' என்பதன் எல்லை எங்கே வரையப்படுகிறது என்பது வெற்றியின் அளவையும் தீர்மானிக்கிறது.

'நாம்' என்பது யார்?

பட்டாசுக் கொட்டகைக்குள் ஒரே சாதியினர் மட்டும் வேலை செய்வதில்லை. தேவேந்திரகுல வேளாளரும் ஆதிதிராவிடரும் அருந்ததியரும் அங்கு இருக்கிறார்கள். ஊர்த்தெருவைச் சேர்ந்த பிற்படுத்தப்பட்ட சமூகங்களின் ஏழைகளும் இருக்கிறார்கள். பகலில் ஒரே கொட்டகையில் திரி வைப்பவர்கள் மாலையில் வேறு வேறு நிறுத்தங்களில் இறங்கி, வேறு வேறு குழாயடிகளுக்குச் செல்கிறார்கள். முதலாளிக்குத் தனியாகப் பிரித்தாளும் சூழ்ச்சி தேவையில்லை. ஊரின் அமைப்பே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

இங்கே இரண்டு வழிகள் முன்வைக்கப்படுகின்றன. எல்லோரும் தொழிலாளர்களே, சாதியைப் பேசினால் ஒற்றுமை குலையும் என்பது ஒன்று. தலித்துகள் தனியாகத் திரண்டால் போதும் என்பது மற்றொன்று. முதல் வழியின் விலையைச் சென்னை 1921-இல் கண்டது. பக்கிங்காம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தத்தில் சங்கம் தன் ஆதிதிராவிட உறுப்பினர்களின் தனிப்பட்ட நிலையை, அவர்களது வறுமையையும் தெருவில் அவர்கள் சந்தித்த பகைமையையும், கணக்கில் கொள்ளத் தவறியது. அவர்களில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினர், புளியந்தோப்பில் வீடுகள் எரிந்தன, எம்.சி. ராஜா அம்மக்களுக்காகக் குரல் கொடுக்க, தொழிற்சங்கத் தலைமை எதிர்ப்பக்கம் நின்றது. இந்தியாவின் முன்னோடித் தொழிற்சங்கங்களுள் ஒன்று சாதியின் விளிம்பில் உடைந்தது. சாதியைப் பேசாமல் விட்டால் ஒற்றுமை நிலைக்கும் என்ற கணிப்பு அன்றே பொய்த்துவிட்டது.

இரண்டாம் வழியின் எல்லையை அம்பேத்கர் தம் வாழ்விலேயே சோதித்துப் பார்த்தார். 1936-இல் அவர் தொடங்கியது சுதந்திரத் தொழிலாளர் கட்சி. 1938 பிப்ரவரியில் மன்மாடில் கூடிய தலித் இரயில்வே தொழிலாளர் மாநாட்டில், பார்ப்பனியமும் முதலாளித்துவமும் ஆகிய இரண்டுமே உழைப்பவரின் பகைகள் என்று அவர் பேசினார். அதே ஆண்டு நவம்பரில் பம்பாயில் தொழில் தகராறு மசோதாவுக்கு எதிராகப் பொதுவுடைமையாளர்களுடன் சேர்ந்து வேலைநிறுத்தம் நடத்தினார். 1942-இல் அரசியல் நிலைமை மாறியபோது பட்டியல் சாதியினர் கூட்டமைப்பைத் தொடங்கினார். இதை முரண்பாடு என்று எழுதுவோர் உண்டு. எந்தக் களத்தில் எந்த எதிரியைச் சந்திக்கிறோம் என்பதைப் பொறுத்து அமைப்பின் எல்லையை வரைந்தார் என்று படிப்பதே பொருத்தம்.

பட்டாசு மண்டலத்துக்கு இதன் பொருள் தெளிவானது. ஆலைக்குள் எல்லாச் சாதித் தொழிலாளர்களையும் கொண்ட சங்கம் வேண்டும். அதனுள் தலித் தொழிலாளர்களுக்குத் தனி அவையும், நிர்வாகப் பொறுப்புகளில் எழுதப்பட்ட பங்கும் வேண்டும். குழாயடியிலும் தேநீர்க் கடையிலும் தீண்டாமை நிகழ்ந்தால் சங்கம் தலையிடும் என்பது விதிகளிலேயே இருக்க வேண்டும். தனி அவைக்குள் அருந்ததியர் குரல் மூன்றாவதாக ஒலிக்கும் நிலையும் கூடாது. கொட்டகையில் பெரும் பகுதி வேலையைச் செய்யும் பெண்கள், நன்றியுரை ஆற்றுவதற்கு மட்டும் மேடையேறுவதும் கூடாது. ஒற்றுமை என்பது எழுதிக் கையெழுத்திட வேண்டிய ஓர் ஒப்பந்தம். முழக்கமாக மட்டும் அதை நிறுத்திக்கொண்டால் முதல் சோதனையிலேயே உடையும்.

வென்றது யார் கையில் தங்கியது?

1996 டிசம்பர் 10 அன்று எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர்களை முன்வைத்துத் தொடுக்கப்பட்ட வழக்கில் பிறந்தது. சட்டத்தை மீறி வேலைக்கு வைக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதியில் செலுத்த வேண்டும். குடும்பத்தில் வயது வந்த ஒருவருக்கு அரசு வேலை தேடித்தர வேண்டும். இயலாவிட்டால் 5,000 ரூபாயை அரசு அந்த நிதியில் சேர்க்க வேண்டும். குழந்தை உழைப்பை வறுமையோடு சேர்த்துப் பார்த்த அரிய தீர்ப்பு அது. ஆனால் கணக்கெடுப்பும் வசூலும் வழங்கலும் அதிகாரிகள் கையில் இருந்தன. கண்காணிப்பு ஆலை வாசலில் நிற்க, குழாய் சுற்றுவதும் பெட்டி ஒட்டுவதும் வீட்டுத் திண்ணைக்கு நகர்ந்தன. பள்ளிக்கல்வியும் சத்துணவும் விரிவடைந்ததால் ஆலைகளில் குழந்தைகள் குறைந்தது உண்மை. ஆனால் பெற்றோரின் கூலியும் பாதுகாப்பும் தீர்ப்புக்கு முன் இருந்த இடத்திலேயே நின்றன. தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு வாரந்தோறும் கேள்வி கேட்க ஊரில் ஓர் அமைப்பு இருக்கவில்லை.

மற்றொரு வெற்றி அடுத்த ஆண்டே வந்து, அதே ஆண்டில் போனது. 1997-இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்துக்கு மாவீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை மாநில அரசு சூட்டியது. அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மறுத்து ஆதிக்கச் சாதியினர் கலவரத்தில் இறங்கினர். தென்மாவட்டங்களில் உயிர்கள் போயின. இறுதியில் எல்லா மாவட்டங்களிலும் போக்குவரத்துக் கழகங்களிலும் இருந்த தலைவர்களின் பெயர்கள் அனைத்தையும் அரசு நீக்கியது. அந்தப் பெயருக்காகப் போராடியது தவறன்று; தன்மானம் கூலிக்குப் பின்னால் வரிசையில் நிற்க வேண்டிய கோரிக்கையும் அன்று. ஆயினும் ஓர் அரசாணையில் வந்தது மற்றோர் அரசாணையில் போயிற்று. அந்தப் பேருந்தின் ஓட்டுநரும் நடத்துநரும் பயணியும் கைகோத்த அமைப்பு ஒன்று பெயரைத் தாங்கி நின்றிருந்தால், அதை நீக்குவதற்கு அரசு தயங்கியிருக்கும்.

2021-இல் அச்சங்குளம் விபத்தைச் செய்தித்தாள் வழியாக அறிந்து தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது. இறந்தோர் குடும்பங்களுக்குத் தலா 20 லட்சம் ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது. வழக்கமான நிவாரணத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய தொகை. இதுவும் நாம் கேட்டு வந்ததன்று. கேட்காமல் வந்தது அடுத்த முறையும் வரும் என்பதற்கு உறுதியில்லை.

ஆடிக்கு முன்பா, பின்பா?

பட்டாசுத் தொழிலுக்கு ஒரு நாள்காட்டி உண்டு. ஆடி 18 அன்று சிவகாசிக் கடைகளில் பூசை போட்டுப் புதிய விலைப்பட்டியலுடன் விற்பனை தொடங்குகிறது. அன்றிலிருந்து தீபாவளிவரை உற்பத்தி நிற்கும் ஒவ்வொரு நாளும் முதலாளிக்கு நட்டம். தொழிலாளியின் பலம் உச்சத்தில் இருக்கும் காலம் அதுவே. அவருடைய பணத் தேவை உச்சத்தில் இருக்கும் காலமும் அதுவே; போனசும் முன்பணக் கணக்கும் அப்போதுதான் முடிகின்றன. எனவே ஐப்பசியில் தொடங்கும் போராட்டம் பெரும்பாலும் தோற்கும். பங்குனி, சித்திரையில் கோரிக்கையை எழுதிக் கொடுத்து, ஆடிக்குள் முடிவு கேட்கும் அமைப்புக்கே அந்தப் பலம் பயன்படும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுத் தொகுப்பின்படி எந்த ஆலையிலும் 14 நாள் முன்னறிவிப்பு இன்றி வேலைநிறுத்தம் செய்ய முடியாது. காலத்தைக் கணக்கிடாத சங்கத்துக்கு இது தடை. கணக்கிடும் சங்கத்துக்கு இது நாள்காட்டியில் இன்னொரு தேதி.

அழுத்தம் கொடுக்கும் இடத்தைத் தேர்வதிலும் அதே கவனம் வேண்டும். நாக்பூர் லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், டி.ஆர்.ஓ. லைசென்ஸ் என்று மக்கள் பிரித்துச் சொல்லும் உரிமங்களே இந்தத் தொழிலின் உயிர்நாடி. உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, கொட்டகைகள் உள்குத்தகைக்குப் பிரிந்து, அனுமதித்ததைவிட அதிகம் பேர் ஒரே அறையில் அமர்வதே பல விபத்துகளின் பின்னணி. அப்படியானால் உரிமத்தை ரத்து செய் என்று கோருவதே நம் உத்தியாகிவிடலாம் என்று தோன்றும். ரத்தானால் மறுநாள் அடுப்பு அணைவது யார் வீட்டில்?

2018 அக்டோபர் 23 அன்று அர்ஜுன் கோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளையும் சரவெடியையும் தடை செய்தது. அடுத்த மாதமே உற்பத்தியாளர்கள் ஆலைகளை மூடினர், மாதக்கணக்கில் வேலையில்லை. டெல்லிக் குழந்தைகளின் நுரையீரலுக்காக ஒரு தரப்பும் தொழிலைக் காக்க மறு தரப்பும் வாதாடின. இரு தரப்பும் தொழிலாளரைப் பற்றிப் பேசின. மருந்தைச் சுவாசிப்பவர் என்ற முறையிலும் கூலியை இழப்பவர் என்ற முறையிலும் தொழிலாளிக்கு இருந்த தனி நிலைப்பாட்டை வலுவாக எடுத்துவைக்க ஆளில்லை. எட்டு லட்சம் பேரின் வாழ்வாதாரம் என்று தொழில் தரப்பு எண்ணிச் சொல்லும்போது, அவர்களில் எத்தனை பேருக்கு இ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறது என்று திருப்பிக் கேட்கவும் ஆளில்லை. 1996-இல் டெல்லியின் அபாயகரமான ஆலைகளை இடம்மாற்ற உத்தரவிட்ட அதே நீதிமன்றம், அத்தொழிலாளரின் ஊதியத் தொடர்ச்சிக்கும் இழப்பீட்டுக்கும் சேர்த்தே வழிசெய்தது. ஆலை மூடப்படும் நாளுக்கும் கூலி என்ற கோரிக்கை இல்லாமல் மூடலைக் கோரும் அமைப்பு, போராட்டத்தின் விலையைத் தன் உறுப்பினர் தலையில் ஏற்றிவிடுகிறது.

ஒரு தாளைக் கேட்போம்

இந்த நான்கு கேள்விகளையும் கடக்கும் கோரிக்கை ஒன்று உண்டா? ஒன்றை முன்வைக்கிறேன்: ஒவ்வொரு தொழிலாளிக்கும் நியமனக் கடிதம்.

பார்வைக்குச் சிறிய கோரிக்கை. ஆனால் இழப்பீட்டு வழக்குகளில் குடும்பங்கள் தடுமாறும் இடம் அதுதான். விபத்து இழப்பீட்டுச் சட்டத்தில் முதலாளியின் தவற்றை நிறுவ வேண்டியதில்லை. இறந்தவர் அங்கே வேலை செய்தார், வேலையின்போது விபத்து நேர்ந்தது என்று காட்டினால் போதும். ஒப்பந்ததாரர் வழியாக வேலை வாங்கப்பட்டிருந்தாலும் முதன்மை முதலாளியே பொறுப்பு என்ற கொள்கை 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவிலிருந்து தொடர்ந்து வருகிறது. சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும், உள்குத்தகைக் கொட்டகையில் உருப்படிக் கணக்கில் கூலி வாங்கியவர் அங்கே வேலை செய்தார் என்பதற்கு ஒரு துண்டுத் தாள்கூட இருப்பதில்லை. கணக்குப்பிள்ளையின் நோட்டு விபத்தன்றே காணாமல் போய்விடுகிறது.

2020-ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைத் தொகுப்பு, முதலாளி ஒவ்வொரு பணியாளருக்கும் நியமனக் கடிதம் வழங்குவதைக் கடமையாக்குகிறது. தொழிலாளருக்குப் பல வகையிலும் பாதகமான இந்தத் தொகுப்புகளில் நாம் பற்றிக்கொள்ள வேண்டிய ஒரு விளிம்பு இது. அந்தக் கடிதத்தில் யார் கையெழுத்திடுவார் என்று யோசித்துப் பாருங்கள். உரிமதாரர் கையெழுத்திட்டால் அந்தக் கொட்டகையின் தொழிலாளர்களுக்கு அவரே பொறுப்பாகிறார். உள்குத்தகைதாரர் கையெழுத்திட்டால் சட்டவிரோதக் குத்தகைக்கு அவரே சாட்சி ஆகிறார். கையெழுத்திட எவரும் இல்லையென்றால் அதுவே நம் புகார். இந்தக் கோரிக்கையால் ஒரு நாள் கூலியும் போகாது. எல்லாச் சாதித் தொழிலாளிக்கும் இது தேவை. வென்ற பின் இது தொழிலாளியின் டிரங்குப் பெட்டியில் இருக்கும். எந்த அரசாணையாலும் அதைத் திரும்ப வாங்க முடியாது.

கடிதம் கேட்கும் முதல் பெண்ணை மறுநாள் ஆலைப் பேருந்து ஏற்றாது. உத்தி அங்கேதான் சோதிக்கப்படும். அதற்கு மூன்று ஆயத்தங்கள் வேண்டும். முதலாவது, நோட்டு. கடிதம் வரும்வரை சங்க உறுப்பினர் தம் சொந்த நோட்டில் தேதி, ஆலை, கொட்டகை எண், செய்த உருப்படி, வாங்கிய கூலி, அழைத்துச் சென்றவர் பெயர் ஆகியவற்றை நாள்தோறும் எழுத வேண்டும். எழுதத் தெரியாதவருக்கு அந்தத் தெருவின் கல்லூரி மாணவர் எழுதித் தர வேண்டும். பலருடைய நோட்டுகள் ஒன்றையொன்று உறுதிசெய்யும்போது அவற்றை நீதிமன்றம் எளிதில் ஒதுக்க முடியாது. இரண்டாவது, நிதி. வாரத்துக்கு ஒரு சிறு தொகை. கணக்கு தெருவில் வாசிக்கப்பட வேண்டும். ஏற்ற மறுக்கப்பட்டவருக்கு அன்றைய கூலி அதிலிருந்து போக வேண்டும். மூன்றாவது, ஒரே நாள். காலனிப் பெண்களும் ஊர்த்தெருப் பெண்களும் ஒரே நாளில், ஒரே வாசகத்தில், ஒரே ஆலையில் கேட்க வேண்டும். முதல் கையெழுத்து காலனியிலிருந்து மட்டும் வந்தால் அது சாதிப் பிரச்சினையாக மாற்றப்பட்டுவிடும்.

கள ஆய்விலிருந்து தொடங்கும் உத்தி வெல்லும் என்பதற்குப் பக்கத்து மாவட்டமே சான்று. தமிழ்நாடு தீண்டாமை ஒழிப்பு முன்னணி மதுரை மாவட்டக் கிராமங்களில் ஆய்வு நடத்தியே உத்தப்புரம் சுவரை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. பல்லாண்டு நின்ற அச்சுவரின் ஒரு பகுதியை 2008 மே 6 அன்று மாவட்ட நிர்வாகம் இடித்துப் பாதை திறந்தது. எண்ணற்ற கொடுமைகளிலிருந்து, கண்ணால் காணக்கூடிய, பொறுப்பாளர் இன்னார் என்று சுட்டக்கூடிய ஒன்றை அந்த அமைப்பு தேர்ந்தெடுத்தது. அதன் பின்னும் உத்தப்புரத்தில் மோதல்கள் நின்றுவிடவில்லை. பாதை திறந்த பிறகும் அங்கே அமைப்பு இருக்க வேண்டியிருந்தது என்பதே அதிலுள்ள மறுபாதிப் பாடம்.

மாணவர்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும்

சட்டம் படித்தவர்களுக்கு வழக்கே உத்தியாகத் தோன்றுவது இயல்பு. மேலே சொன்ன தீர்ப்புகள் அனைத்தும் மதிப்புள்ளவை. ஆனால் 1908 முதல் 2021 வரை, வழக்கின் முடிவைவிட வழக்குக்கு வெளியே இருந்த அமைப்பே நீடித்த விளைவைத் தீர்மானித்திருக்கிறது. வழக்கறிஞரின் பணி சங்கத்தின் நோட்டைச் சான்றாக மாற்றுவது; சங்கத்துக்கு மாற்றாக நிற்பது அன்று.

கல்லூரி மாணவர்கள் பெரும்பாலும் ஊரைவிட்டு வெளியேறும் முதல் தலைமுறை. உங்களில் பலருடைய கல்விக் கட்டணம் பயர் ஆபீசுக் கூலியிலிருந்து வந்தது. மாவட்டம் முழுவதையும் திரட்ட வேண்டாம். வெம்பக்கோட்டை வட்டாரத்தில் பத்து ஊர்கள் போதும். தீபாவளி கழிந்த பின் நோட்டு தொடங்கட்டும். பங்குனிக்குள் எத்தனை நோட்டுகள் விடாமல் எழுதப்பட்டிருக்கின்றன என்று எண்ணுங்கள். சித்திரையில் ஓர் ஆலையைத் தேர்ந்து கடிதம் கேளுங்கள். ஆடி 18-க்குள் ஒரு கடிதமும் வராவிட்டால் கணிப்பு பொய்த்தது என்று பொருள். எங்கே பொய்த்தது என்று தெருவில் உட்கார்ந்து பேசி மாற்றுங்கள். வந்தால், அடுத்த ஆலைக்குச் செல்லுங்கள்.

வெடிவிபத்துகளை இந்தச் சங்கம் மட்டும் நிறுத்திவிடாது. ஆனால் ஒரு கொட்டகையில் ஐந்தாவது ஆளை உட்காரச் சொல்லும்போது, மாட்டேன் என்று சொன்ன பெண்ணின் வேலை மறுநாளும் இருக்குமானால், அந்தக் கொட்டகையில் ஒரு பாதுகாப்பு விதி முதன்முறையாக நடைமுறைக்கு வந்திருக்கும்.